கெம்பண்ணா பெயரில் ஒரு வண்டி

1

போன வாரம் டோடோமா ஊர் எல்லையில் என் பிக்கப்பைப் போலீஸ் நிறுத்தியது. தான்சானியாவில் போக்குவரத்துப் போலீசுக்கு வெள்ளைச் சீருடை. இந்தச் செம்மண் புழுதியில் அதை எப்படி வெள்ளையாகவே வைத்திருக்கிறார்கள் என்பது இத்தனை வருடம் கழித்தும் எனக்குப் பிடிபடவில்லை. அந்தப் பெண் போலீஸ் என் வண்டி எண்ணைக் கையிலிருந்த மெஷினில் தட்டினார். என் பெயர் வந்தது. எழுத்துக் கூட்டி, நாக்கில் கல் மாட்டியது போல, "மா... டே... ஷி" என்று வாசித்தார். நீதானா என்றார். நான்தான் என்றேன். போ என்றார்.

கொஞ்ச தூரம் போய் வண்டியை ஓரம் கட்டிவிட்டு உட்கார்ந்திருந்தேன். வண்டி யாருடையது என்று கேட்டால் ஓட்டுகிறவன் பெயரே பதிலாக வருவது, எங்கள் ஓசூர்ப் பக்கத்து ஆளுக்கு அவ்வளவாகப் பழக்கமில்லாத விஷயம். எங்களிடம் வண்டி ஒருவர் பெயரில் இருக்கும், இன்னொருவர் ஓட்டுவார், மூன்றாமவர் பெட்ரோல் போடுவார், இதில் எதிலும் இல்லாத நாலாவது ஆள் வந்து என் வண்டியை எங்கே நிறுத்தியிருக்கிறீர்கள் என்று கேட்பார். யாருக்கும் அது வினோதமாகத் தெரியாது. போன லீவு முழுக்க நான் அலைந்தது அப்படி ஒரு வண்டிக்காகத்தான்.

2

என்னைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சொந்த ஊர் வேப்பனப்பள்ளிப் பக்கம். எட்டாம் வகுப்பில் கணக்கும் நானும் ஒருவரையொருவர் விட்டுவிட்டோம். ஊத்தங்கரையில் நின்றிருந்த ஒரு போர்வெல் லாரியில் பைப் தூக்குகிற வேலைக்கு ஏறினேன். லாரி சத்தீஸ்கர் போயிற்று, ராஜஸ்தான் போயிற்று. ஒருநாள் முதலாளி அதைக் கப்பலில் ஏற்றினார், நானும் பின்னாலேயே வந்தேன். இடது கைச் சுண்டுவிரலில் பாதி, ஜோத்பூர் தாண்டி ஒரு காட்டில் இரண்டு பைப்புக்கு நடுவே நின்றுவிட்டது. மீதி நான் இங்கே இருக்கிறேன். நேமா என்கிற உள்ளூர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டேன். ஜோதி என்று ஒரு மகள். காலையில் ரிக்கோடு கிளம்பினால் எங்காவது ஒரு கிராமத்தில் தண்ணீர் வரும்வரை துளை போடுவேன். வந்தால் கூத்தாடுவார்கள், வராவிட்டால் என்னை முறைப்பார்கள். அதுதான் தொழில்.

எனக்கு ஒரே தங்கை, மஞ்சுளா. ஓசூரில் இருக்கிறாள். அவள் புருஷனுக்கு ஒரு கம்பெனியில் வேலை போன சமயம் நான் லீவில் போயிருந்தேன். சிப்காட் கேட்டுப் பக்கம் டிபன் போட்டால் பிழைத்துக்கொள்வோம், ஒரு வண்டி மட்டும் வேண்டும் என்றாள். பாகலூரில் ரோஜாத் தோட்டம் வைத்திருந்த ஒருவரிடமிருந்து பழைய ஆம்னி வேன் வாங்கிக் கொடுத்தேன். கர்நாடகா நம்பர். தோட்டக்காரர் அதை ஆனேக்கல் மெக்கானிக் ஒருவரிடம் வாங்கியிருந்தார். மெக்கானிக்குக்கு விற்றவர்தான் முதல் உரிமையாளர், அத்திப்பள்ளிக்கு அப்பால் ஒரு கிராமத்துக் கெம்பண்ணா.

இத்தனை கை மாறியும் ஆர்.சி. புத்தகம் கெம்பண்ணா பெயரிலேயே இருந்தது. எங்கள் பக்கத்து நடைமுறை அப்படி. விற்கிறவர் பெயர் மாற்றும் படிவத்தில் எதையும் நிரப்பாமல் அடியில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்துவிடுவார். அந்தத் தாள் வண்டியோடு ஸ்டெப்னி போலக் கூடவே போகும். கடைசியாக வாங்குகிறவர் தன் பெயரை எழுதிக்கொள்ளலாம். ஆனால் யாருமே தன்னைக் கடைசி ஆள் என்று நினைப்பதில்லை. ஆகவே யாரும் எழுதுவதில்லை.

அந்த வேனில் இட்லிக் குண்டான், சாம்பார் வாளி, எலுமிச்சை சாதம் எல்லாம் ஏற்றி மஞ்சுளா வருடக்கணக்காக நன்றாகவே ஓட்டினாள். முதல் ஷிப்டுக்குப் போகிற ஒப்பந்தத் தொழிலாளர்கள் அவள் டிக்கிக் கதவைத் தூக்குவதற்குள் வரிசையில் நிற்பார்கள். தமிழில் கேட்டால் தமிழ், கன்னடத்தில் கேட்டால் கன்னடம், தெலுங்கில் திட்டினால் தெலுங்கிலேயே திட்டு. வடக்கத்திப் பையன்களுக்கு மட்டும் எத்தனை ரூபாய் என்று விரலைக் காட்டுவாள்.

3

நான் லீவில் வந்த இரண்டாவது வாரம் வண்டி பிடிபட்டது. வெளிமாநில எண்ணில் ஓடுகிற வண்டிகளை நிறுத்திச் சோதனை போட்டார்கள். தமிழ்நாட்டு வரி கட்டியிருக்கிறதா? இல்லை. ஆர்.சி. யார் பெயர்? கெம்பண்ணா. கெம்பண்ணா யார்? தெரியாது. மஞ்சுளா உள்ளதைச் சொல்லிவிட்டாள். வேனை ஓட்டிக்கொண்டு போய் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வளாகத்தில் விட்டார்கள். இட்லியை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்களாம். நல்ல மனிதர்கள், சிலர் அங்கேயே சாப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

மறுநாளிலிருந்து ஷேர் ஆட்டோவில் குண்டானோடு போனாள். ஆட்டோ வருவதற்குள் ஷிப்ட் மணி அடித்துவிடும். கேட்டுக்கு எதிரே அவள் நிற்கிற வேப்பமரத்து இடத்தில் ஒரு மோமோ வண்டி நிற்க ஆரம்பித்தது. அந்த இடத்துக்குப் பட்டா கிடையாது. தினம் நின்றால் உங்கள் இடம், நிற்காவிட்டால் இல்லை. இன்னும் கொஞ்ச நாளில் ஆள்கள் மோமோவுக்குப் பழகிவிடுவார்கள், அப்புறம் வண்டி வந்தும் பிரயோசனமில்லை என்றாள். சொல்லும்போது அவள் முகத்தில் பெரிய கவலை தெரியவில்லை. கெம்பண்ணாவின் கையெழுத்துத் தாள் அவளிடம் இருந்ததே.

"எல்லாம் பத்திரமா வெச்சிருக்கறேண்ணா. நீ வா, ஒரே நாள்ல முடிச்சிரலாம்."

4

மஞ்சுளா எதையும் பத்திரமாக வைத்துக்கொள்கிறவள். எங்கள் வீட்டில் முக்கியமான தாள் என்றால் லேமினேஷன் கடைக்குப் போய்விடும். வாக்காளர் அட்டை, சாதிச் சான்றிதழ், அவளுடைய கல்யாணப் பத்திரிகை, நான் எட்டாம் வகுப்பில் தோற்ற மார்க் ஷீட் எல்லாம் அப்படித்தான் இருக்கின்றன. கெம்பண்ணா கையெழுத்துப் போட்ட பெயர் மாற்றுப் படிவங்களையும் லேமினேஷன் செய்திருந்தாள். தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது. மேலே எழுதினாலும் ஒன்றும் ஆகாது.

ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற ஜாபர் பாய்தான் அங்கே எல்லோருக்கும் வழி சொல்கிறவர். அந்த வளாகத்துக்குள் இருக்கிறவர்களைவிட அவருக்கு வேலை அதிகம். படிவத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பேனாவால் ஒரு கோடு இழுத்தார். பேனா வழுக்கிக்கொண்டு போயிற்று. மார்க்கரால் எழுதிக் கட்டை விரலால் தேய்த்தார், போய்விட்டது.

"யாரும்மா இத லேமினேட் பண்ணது?"

"நாந்தான் பாய். எலி கடிக்கக் கூடாதுன்னு."

"எலிய விடும்மா. இனிமே ஆர்.டி.ஓ.வாலயே கடிக்க முடியாது."

வரிசையில் நின்றவர்கள் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். ஒருவர் இஸ்திரிப் பெட்டியை வைத்தால் பிளாஸ்டிக் உரிந்து வந்துவிடும் என்றார். செய்து பார்த்தோம். உரிந்தது. கையெழுத்தும் கூடவே உரிந்தது.

நான் பாயைத் தனியாகக் கூப்பிட்டு, கெம்பண்ணாவுக்குப் பதில் வேறு யாராவது போட்டால் ஆகாதா என்று கேட்டேன். அவர் என்னை வெளிநாட்டுக்காரன் என்று அப்போதுதான் நிச்சயம் செய்துகொண்டார். கையெழுத்து மட்டும் போதும் என்பதெல்லாம் அந்தக் காலம், இப்போது உரிமையாளர் போனுக்கு ஓ.டி.பி. போகும், அதை யாரும் போட முடியாது என்றார். வண்டியை வெளியே எடுக்க வேண்டுமானாலும் உரிமையாளர் நேரில் வந்தாக வேண்டுமாம்.

சரி, பெயர் மாற்றவாவது ஆரம்பிப்போம் என்று உள்ளே போனோம். கவுண்டரில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். வண்டியைச் சோதனைக்குக் கொண்டுவாருங்கள் என்றார். வண்டி உங்கள் ஜன்னலுக்குப் பின்னால்தான் நிற்கிறது என்றேன். திரும்பிப் பார்த்தார். நின்றது. அது பறிமுதல் செய்த வண்டியாக நிற்கிறது, சோதனைக்கு வந்த வண்டியாக நிற்கவில்லை என்றார். அதை வெளியே எடுத்து, கேட்டைத் தாண்டி, திரும்ப உள்ளே கொண்டுவர வேண்டும். வெளியே எடுக்க என்ன வேண்டும் என்று கேட்டேன். கெம்பண்ணா வேண்டும் என்றார்.

5

இதையெல்லாம் அன்றன்றைக்குப் போனில் டோடோமாவுக்குச் சொல்லுவேன். நேமாவுக்குப் பாதி புரியும், மீதிக்குச் சிரிப்பாள். ஜோதிக்குப் பத்து வயது. வீட்டில் ஸ்வாஹிலி, பள்ளியில் ஆங்கிலம். தமிழில் அவளுக்குத் தெரிந்தது நான் ரிக்கில் ஆள்களைத் திட்டுகிற நாலைந்து வார்த்தைகள்தான். அவற்றை அழகாகச் சொல்வாள். அத்தை என்று சொல்ல வராது. மஞ்சுளாவை அவள் ஷங்காஸி என்கிறாள், ஸ்வாஹிலியில் அப்பாவின் சகோதரி. மஞ்சுளா அதைத் தன் பெயரை ஜோதி செல்லமாக மாற்றிக் கூப்பிடுவதாக வெகுநாள் நினைத்திருந்தாள். நான் திருத்தவில்லை.

எனக்கும் நாக்கு அங்கேயும் இங்கேயுமாகத்தான் இருக்கிறது. கவுண்டரில் ஒருவரை ஐயா என்பதற்குப் பதில் ஸ்வாஹிலியில் பவானா, பவானா என்று கூப்பிட்டிருக்கிறேன். அவர் பவானியா, நான் திருப்பத்தூர்ங்க என்றார். இங்கே வந்தால் ரிக்கில் கோபம் வரும்போது கன்னடம் வருகிறது. எங்கே இருந்தாலும் வேறு எங்கோ இருந்து வந்தவன் போலப் பேசுவது ஒரு வசதி. யாரும் ரொம்ப எதிர்பார்க்க மாட்டார்கள்.

6

கெம்பண்ணாவைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. ஆர்.சி.யில் கிராமப் பெயர் இருந்தது. பஸ்ஸில் அத்திப்பள்ளி போய், அங்கிருந்து ஆட்டோ. மஞ்சுளா வழியெல்லாம் அவர் செத்திருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு வந்தாள். ஒரு குடோனில் மூட்டை தூக்குகிற மனிதர், நாற்பத்தைந்து வயது இருக்கும், ஷீட் போட்ட வீடு. வாசலில் அவர் மனைவி ரத்னம்மா துணி அலசிக்கொண்டிருந்தார். நாங்கள் யார் என்று நான் கன்னடத்தில் ஆரம்பிப்பதற்குள் அந்த அம்மாள் மஞ்சுளாவையே பார்த்தார். ஈரக் கையோடு எழுந்து வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுத்தார். கெம்பண்ணா வெளியே வந்து அவரும் மஞ்சுளாவைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"வாங்கம்மா. சீட் பெல்ட் எப்பவும் போடறதே இல்லயே நீங்க?"

விஷயம் இதுதான். மஞ்சுளா வாரம் ஒருமுறை காய்கறிக்கும் தேங்காய்க்கும் அத்திப்பள்ளி வருவாள். அங்கே சிக்னலில் கேமரா இருக்கிறது. சீட் பெல்ட் போடாமல் போனால் படம் பிடித்து, அபராதச் சீட்டை உரிமையாளர் போனுக்கு அனுப்பும். உரிமையாளர் கெம்பண்ணா. போனை எடுத்துக் காட்டினார். ஒவ்வொன்றிலும் கண்ணாடிக்குப் பின்னால் என் தங்கை. மழையில், வெயிலில், கொட்டாவி விட்டுக்கொண்டு, ஒன்றில் யாரையோ திட்டிக்கொண்டு. தொடக்கத்தில் கோபமாக இருந்ததாம். அப்புறம் ஒரு வாரம் படம் வராவிட்டால் அந்த அம்மாளுக்கு என்னவோ என்று இவர்களுக்குத் தோன்றுமாம். அபராதம் ஒன்றும் அவர் கட்டவில்லை. கட்டுகிற நிலைமையும் இல்லை.

"பக்கத்தில ஒருத்தர் உக்காந்து வருவாரு, மீசை வெச்சுகிட்டு," என்றார். "ரெண்டு வருசமா காணமே. ஒடம்பு சரியில்லயா?"

மஞ்சுளா என் பக்கம் திரும்பவில்லை. அவர் பொம்மனஹள்ளியில் வேற குடும்பத்தோட இருக்கறாருங்க என்று கெம்பண்ணாவுக்குத்தான் பதில் சொன்னாள். நான் ஞாயிறு தவறாமல் போன் செய்கிறேன். மாப்பிள்ளை எங்கே என்றால் புதுக் கம்பெனியில டூட்டிக்குப் போயிருக்கறாரு என்பாள், இந்த லீவில் நேரில் கேட்டபோதும் அதையே சொன்னாள். ஞாயிற்றுக்கிழமையும் டூட்டியா, நல்ல உழைப்பாளி என்று நானும் போனை வைத்துவிடுவேன்.

காபி குடித்தோம். அதன் பிறகுதான் ரத்னம்மா தன் பக்கத்தைச் சொன்னார். அவர்கள் வீட்டில் நான்கு சக்கர வண்டி இருக்கிறது என்று கம்ப்யூட்டர் சொல்லிவிட்டதாம். கார் வைத்திருக்கிற குடும்பத்துக்கு ஏழை அட்டை எதற்கு என்று ரேஷன் கார்டை ரத்து செய்துவிட்டார்கள். வண்டியை விற்றுப் பல வருடமாயிற்று என்று கெம்பண்ணா போய்ச் சொல்லியிருக்கிறார். விற்றதற்குத் தாள் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். தாளை வெற்றாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்ட மனிதர் எதைக் காட்டுவார்? மூட்டை தூக்குகிறவர் அரிசியைக் கடையில் வாங்கித் தின்கிறார், இட்லி அம்மாள் அவருடைய காரில் போய்க்கொண்டிருக்கிறாள்.

கெம்பண்ணா இப்போதே கிளம்பத் தயாராக இருந்தார். ரத்னம்மா விடவில்லை.

"ஒருக்கா கையெழுத்துப் போட்டதுக்கே ரேஷன் போச்சு. இன்னொருக்கா போட்டா வீடு போகும். மொதல்ல கார்டு வரட்டும், அப்பறம் போடட்டும்."

வண்டி பேரிலிருந்து போனால்தான் கார்டு வரும் என்று நான் நயமாகச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், இப்படி நயமாகப் பேசித்தான் அந்த மெக்கானிக்கும் கையெழுத்து வாங்கியிருப்பான் என்று தெரிந்தது. வேனோ ஆபீஸ் வளாகத்தில் நிற்கிறது, வேப்பமரத்தடியில் மோமோக்காரன் ஒரு பெஞ்சும் போட்டுவிட்டான். எனக்குக் கோபம் வந்தது. மஞ்சுளாதான் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்து அந்த அம்மாளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"நீங்களும் கூட வாங்கக்கா. ஆபீசர் முன்னாடி நான் என் பேர எழுதறேன், எல்லாம் எழுதி முடிச்ச பொறவு அவர் போடட்டும். எங்கயாச்சும் எடம் வெத்தா இருந்துச்சுன்னா பேனாவப் புடுங்கிக்கோங்க."

ரத்னம்மா உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தார்.

7

அதன் பிறகு நடந்தவற்றை விரிவாகச் சொன்னால் எனக்கே அலுப்பாக இருக்கிறது. அபராதங்களைக் கட்டினோம். கெம்பண்ணா வந்து நின்றதும் வேனை விட்டார்கள். கர்நாடக ஆபீசில் தடையில்லாச் சான்றுக்கு எழுதிப் போட்டோம். இந்த வண்டி இனி எங்களுடையதல்ல என்று அவர்கள் சொல்ல வேண்டும், பிறகு இது எங்களுடையது என்று இவர்கள் சொல்ல வேண்டும். நடுவில் சில வாரங்கள் வண்டி யாருடையதாகவும் இல்லாமல் மஞ்சுளா வீட்டு முன்னால் நின்றது. அப்போதும் ஷேர் ஆட்டோதான். மரத்தடியில் மோமோக்காரனோடு சண்டை போட்டுப் பாதி நிழலை மீட்டு வைத்திருந்தாள்.

சான்று வந்தபின் தமிழ்நாட்டு வரி கட்டி, வேனை முறைப்படி கேட் வழியாக உள்ளே ஓட்டிப் போனோம். போன தடவை நின்ற அதே இடத்தில்தான் நிறுத்தச் சொன்னார்கள். இப்போது அது சோதனைக்கு வந்த வண்டி. ஒரு பையன் சேசிஸ் எண் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்தான். ரத்னம்மாவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. ஆனாலும் படிவத்தில் ஒவ்வொரு கட்டமாக விரலை வைத்து, இதில் எழுதியாயிற்றா, இதில் எழுதியாயிற்றா என்று கேட்டார். ஒரு கட்டத்தில் எழுத எதுவுமில்லை என்று கவுண்டர்காரர் சொன்னார். ஒரு கோடாவது போடுங்கள் என்றார் ரத்னம்மா. போட்டார். பிறகுதான் பேனா கெம்பண்ணா கைக்குப் போயிற்று.

ஆபீசர் வழக்கமாகக் கேட்கிறதைக் கேட்டார். இந்த அம்மாவை உங்களுக்குத் தெரியுமா, உங்கள் சம்மதத்தோடுதான் கொடுக்கிறீர்களா? கெம்பண்ணா கொஞ்சம் யோசித்துவிட்டு, தெரியும் சார், ஆறு வருசமா பாக்கறேன் என்றார். அவரிடம் அன்றைக்கு யாரும் அதற்கு ஆதாரம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆதாரமும் படத்தோடு இருந்தது.

மஞ்சுளா பெயரில் ஆர்.சி. வந்தபோது நான் டோடோமா திரும்பியிருந்தேன். படம் அனுப்பினாள். லேமினேட் செய்யாதே என்று பதில் போட்டேன். அது அட்டையாகவே வருகிறதாம்.

8

வேன் வேப்பமரத்தடிக்குத் திரும்பிவிட்டது. மோமோ வண்டியும் போகவில்லை. காலையில் இவள், சாயங்காலம் அவன் என்று பேசி முடித்திருக்கிறார்கள்.

கெம்பண்ணா வீட்டு ரேஷன் கார்டு வரவில்லை. வண்டி பெயரிலிருந்து போய்விட்டது சரிதான், ஆனால் ரத்தான கார்டு ரத்தானதுதானாம். புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். புது விண்ணப்பம் இப்போது வாங்குவதில்லை, எப்போது வாங்குவோம் என்று சொல்வதற்கில்லை என்றிருக்கிறார்கள். ரத்னம்மா மஞ்சுளாவைக் குறை சொல்லவில்லை. கார் இல்லாமலும் ஏழையாக முடியவில்லை என்று மட்டும் போனில் சொன்னாராம்.

ஞாயிற்றுக்குக் காத்திராமல் முந்தாநாளே மஞ்சுளாவிடம் பேசினேன். போலீஸ் என் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்த கதையைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். அவள் வேறொன்று சொன்னாள். அவளுக்குக் கிடைக்கிற ரேஷன் அரிசியை மாதம் ஒருமுறை வேனில் வைத்து ரத்னம்மா வீட்டில் இறக்கிவிட்டு வருகிறாளாம். இட்லிக்குக் கடையில் வாங்கிக்கொள்கிறாளாம்.

தமிழ்நாட்டு ரேஷன் அரிசி எல்லை தாண்டினால் அது கடத்தல். இதற்காகவே ஜூஜூவாடிப் பக்கம் வண்டிகளை நிறுத்தி மூட்டையைக் குத்திப் பார்ப்பார்கள், ஓசூரில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு தாளும் சரியில்லாமல் ஓடிய வருடங்களில் அந்த வேனில் இட்லியும் காய்கறியும் தவிர எதுவும் போனதில்லை. எல்லாத் தாளும் சரியான பிறகு கடத்தல் செய்கிறது. போன மாதம் நிறுத்தியிருக்கிறார்கள். ஆர்.சி., இன்சூரன்ஸ், வரி ரசீது என்று ஒவ்வொன்றாக எடுத்து நீட்டியிருக்கிறாள். இவ்வளவு சுத்தமாகப் பேப்பர் வைத்திருக்கிற வண்டியை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று சொல்லிப் பின்கதவைத் திறக்காமலேயே அனுப்பிவிட்டாராம் அந்தப் போலீஸ்காரர்.

நான் பயந்துவிட்டேன். "ஆர்.சி. இப்ப உன் பேர்ல இருக்குது, தெரியுமில்ல? மாட்டினா உன்னத்தான் புடிப்பாங்க."

"அதுக்குத்தானண்ணா பேரு மாத்துனோம்," என்றாள். "மாட்டினா நான் மாட்டறேன். அவங்க வீட்டுக்கு ஒண்ணும் போகாது."

ஷிப்ட் மணி கேட்டது. போனை வைத்துவிட்டாள்.